கடலும் காசும் – 11: ரூபா இரண்டான துறை

சிறாப்பர் என்றால் யாரென்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் விளங்கவைக்க வேண்டும். கச்சேரியில் அரசாங்கக் காசை எண்ணி வாங்கி, எண்ணிக் கொடுத்து, இரும்புப் பெட்டிக்குக் காவலாக இருந்தவர் அவர். நாணயத்தைச் சுண்டிப் பார்த்து நல்லது கெட்டது சொல்லும் காசுக்காரருக்கு இந்தியத் துறைமுகங்களில் வழங்கிய 'சராப்' என்ற சொல்தான் எங்கள் வாயில் சிறாப்பர் ஆனது. கீரிமலையில் சிறாப்பர் மடம் என்றே ஒரு மடம் உண்டு. அந்த உத்தியோகத்துக்கு ஊர் கொடுத்த மதிப்பு அந்தப் பெயரில் நிற்கிறது.

மன்னார் மாவட்டத்தில் மத்திய வங்கிக்கு ஒருபோதும் கிளை இருந்ததில்லை. இந்த அத்தியாயத்தை எழுத உட்கார்ந்தபோது இந்த ஒரு வரியோடு கதை முடிந்துவிடுமோ என்றுதான் யோசித்தேன். தேடத் தேட விஷயம் வேறாகத் தெரிந்தது. கட்டடம் வராத ஊருக்கு அதன் கை வந்திருக்கிறது. வந்த இடம் தலைமன்னார் இறங்குதுறை. அந்தக் கை எதை எடுத்தது, எதைக் கொடுத்தது என்பதுதான் இந்த வாரக் கதை.

சென்ற அத்தியாயத்தில் மாதோட்டத்துக் கல்வெட்டைப் பார்த்தோம். சோழர் காலத்தில் கோயில் விளக்குக்கென்று கொடுத்த காசைச் சங்கரப்பாடியாரும் வெற்றிலை வாணியரும் வாழைக்காய் வாணியரும் பொறுப்பேற்றார்கள். அதன் பலிசையில், அதாவது வட்டியில், விளக்கு எரிந்தது. ஊர்க் காசை ஊர் வணிகரே காத்த காலம் அது. ஆங்கிலேயர் காலத்தில் அந்தப் பொறுப்பு கச்சேரிக்குப் போனது. வரி, சாராயக் குத்தகை, உப்புப் பணம் எல்லாம் அங்கே வந்து சேரும். உத்தியோகத்தர் சம்பளமும் குளம் திருத்திய கூலியும் அங்கிருந்து வெளியே போகும். மாவட்டத்தில் எவ்வளவு காசு புழங்குகிறது என்பதற்கு அந்தப் பெட்டியே அளவு.

அந்தப் பெட்டி சில ஆண்டுகளில் இடம்பெயரும். முத்துச்சிப்பிப் பார்களைச் சோதித்தவர்கள் சிப்பி விளைந்துவிட்டது என்று சொன்னால், அடுத்த மாசி பங்குனியில் மரிச்சுக்கட்டியின் வெறும் மணலில் ஓலைக் குடிசைகளால் ஒரு பட்டினம் எழும்பும். நீதிமன்றம், ஆசுப்பத்திரி, மறியல்கூடம், தபாற் கந்தோர், அவற்றோடு கச்சேரியின் காசு மேசை. கீழக்கரையிலும் தொண்டியிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்து குளிகாரர் வருவார்கள். பாரசீகக் குடாவிலிருந்து அரபுகள் வருவார்கள். இராமநாதபுரம் சீமையிலிருந்து நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கடன் கொடுக்கக் காசோடு வருவார்கள். தோணி கரைதட்டியதும் சிப்பி கொட்டு என்னும் அடைப்புக்குள் போகும். அங்கே மூன்று குவியல். எந்த இரண்டு அரசாங்கத்துக்கு என்று அதிகாரி கைகாட்டுவார். மிஞ்சிய ஒன்று மூச்சடக்கிக் குளித்தவர்களுக்கு. 1906இல் அந்த மணலில் நின்று வேலை பார்த்த இளம் அதிகாரிகளில் ஒருவர், பிறகு எழுத்தாளராகப் பெயர் பெற்ற லெனாட் வூல்ஃப்.

இரவில் அரசாங்கப் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும். ஏலப்பணம் கச்சேரியில் வந்து விழும். 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் அரசாங்கத்துக்கு வந்தது சுமார் 25 இலட்சம் ரூபா. மன்னார்க் கரை அரசுக்குக் கொடுத்த பெருந்தொகைகளில் அது ஒன்று. அடுத்த ஆண்டே அரசாங்கம் பார்களை ஆண்டுக்கு 3,10,000 ரூபாவுக்கு, 20 ஆண்டுக் குத்தகையாக ஒரு ஆங்கிலக் கும்பனிக்குக் கொடுத்தது. 1907க்குப் பிறகு பல ஆண்டுகள் சிப்பி இல்லை, கும்பனியும் நிலைக்கவில்லை.

இனி நான் சொல்ல வந்த இடம். மரிச்சுக்கட்டியில் குளிகாரன் தன் பங்குச் சிப்பியை விற்று மடியில் முடிந்துகொண்ட காசு எந்த நாட்டுக் காசு? அது இந்திய அரசாங்கம் அடித்த வெள்ளி ரூபா. அதை வாங்க அவன் சட்டம் எதையும் மீறவில்லை. இந்திய வெள்ளி ரூபாதான் இலங்கையிலும் சட்டப்படி செல்லும் நாணயம். 1872இல் இலங்கை, ரூபாவையும் அதன் நூறில் ஒன்றான சதத்தையும் தன் கணக்காக ஏற்றுக்கொண்டது. சதத்தை இலங்கை தனக்கென்று அடித்தது. ரூபா மட்டும் அக்கரையிலிருந்து வந்தது. தொண்டிக்காரன் மரிச்சுக்கட்டியில் வாங்கிய வெள்ளி தொண்டிச் சந்தையில் அப்படியே செல்லும். பேசாலைக் கருவாட்டுக்கு இராமேசுவரத்தில் கிடைத்த ரூபா பேசாலையில் அதே ரூபா. மாற்றுவதற்கு எதுவும் இல்லை, மாற்றிக் கொடுப்பவனும் இல்லை. இரண்டு கரைக்கும் ஒரே காசு, நடுவில் கடல்.

தாள் காசு வந்தபோதும் இந்தக் கட்டு அறுபடவில்லை. 1884 மே மாதம் ஓரியண்டல் வங்கி முறிந்தது. நாட்டில் புழங்கிய நோட்டுகளில் பெரும்பகுதி அந்தத் தனியார் வங்கி அச்சிட்டவை. கோப்பித் தோட்டங்கள் நோயால் அழிந்துகொண்டிருந்த நேரம் அது, சனங்கள் திகைத்துப்போனார்கள். ஆளுநர் ஆர்தர் கோர்டன் அந்த நோட்டுகளுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று அறிவித்து ஊரை அமைதிப்படுத்தினார். அதே ஆண்டில் நாணய ஆணையாளர் சபை அமைந்து, அரசாங்கமே தாள் அச்சிடத் தொடங்கியது. முதல் உலகப்போரில் வெள்ளி தட்டுப்பட்டபோது, 1917இல், ஒரு ரூபாவுக்கும் தாள் வந்தது.

அந்தச் சபையின் ஒழுங்கை நெற்களஞ்சியத்தை வைத்துச் சொல்லலாம். களஞ்சியத்தில் எத்தனை மூடை நெல் இருக்கிறதோ அத்தனை சீட்டுத்தான் எழுதலாம். நெல் குறைந்தால் சீட்டைக் கிழிக்க வேண்டும். இங்கே சீட்டு இலங்கைத் தாள். அதை நிறுத்திப் பிடித்த நெல் பெரும்பாலும் இந்திய ரூபாவும் அதற்கு ஈடான சொத்தும். 1941இல் வந்த நாணயச் சட்டமும் இலங்கை ரூபாவை இந்திய ரூபாவோடுதான் கட்டிவைத்தது. நாடு செழிப்பதும் காய்வதும் ஏற்றுமதியோடு போகும். சபையால் எதையும் கூட்டவோ குறைக்கவோ முடியாது. கமக்காரனுக்குக் கடன் கொடு என்று சொல்ல அதற்கு வாயில்லை.

1914 மார்ச்சில் இந்தக் காசுப் பாதைக்கு இரும்பு போட்டார்கள். பாம்பன் பாலம் பெப்ரவரியில் திறந்தது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. சென்னையில் ஏறினால் தனுஷ்கோடி, கப்பல், தலைமன்னார், பிறகு கோச்சியில் கொழும்பு. போட் மெயில் என்று இரண்டு கரையும் அதை அழைத்தது. அதற்கு முன் தோணியில் வந்து இறங்கி, காட்டுப் பாதையால் மாத்தளைக்கு நடந்து, வழியில் வாந்திபேதியில் விழுந்து செத்த தோட்டத் தொழிலாளர் எத்தனையோ பேர். அவர்களுக்கு இந்தத் தொடரில் தனி அத்தியாயம் எழுதியிருக்கிறேன். கப்பல் வந்தபின் சாவு குறைந்தது, ஆட்கள் கூடினார்கள். மேலே போனவர்கள் கங்காணியின் முன்பணத்தோடு போனார்கள். கீழே வந்தவர்கள் சேலையில் முடிந்த சேமிப்போடு வந்தார்கள். தலைமன்னாரில் அவர்களுடைய பெட்டியையும் உடம்பையும் சோதித்தார்கள். மடியிலிருந்த ரூபா அக்கரையிலும் ரூபாதான்.

*

1950 ஆகஸ்ட் 28ஆம் திகதி கொழும்பில் இலங்கை மத்திய வங்கி வேலை தொடங்கியது. அதற்கான சட்டம் 1949ஆம் ஆண்டின் 58ஆம் இலக்க நாணய விதிச் சட்டம். அதை வரைந்து கொடுத்தவர் அமெரிக்காவின் பெடரல் ரிசர்வ் அமைப்பிலிருந்து வந்த ஜோன் எக்ஸ்டர். முதல் ஆளுநரும் அவரே. அடுத்த ஆண்டு ஒரு ரூபாவிலும் பத்து ரூபாவிலும் புதிய தாள்கள் வந்தன. ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் படம்; கீழே நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்தனவினதும் எக்ஸ்டரினதும் கையெழுத்து.

களஞ்சிய ஒழுங்கு அன்றோடு முடிந்தது. இனி நாட்டின் தேவை பார்த்துக் காசைக் கூட்டலாம், குறைக்கலாம், வங்கிகளை மேற்பார்க்கலாம், விவசாயக் கடனுக்குப் பின்னால் நிற்கலாம். எக்ஸ்டர் செய்தது சரி என்றே நான் நினைக்கிறேன். சுதந்திரம் பெற்ற நாடு தன் காசை அடுத்த நாட்டின் காசில் கட்டி வைத்துக்கொண்டு எத்தனை நாள் நடக்கும்? ஆனால் கொழும்பிலிருந்து பார்த்தால் விடுதலையாகத் தெரிந்தது, மன்னார்க் கரையிலிருந்து பார்த்தால் ஒரு கோடாகத் தெரிந்தது. கடலில் முதன்முறையாகக் காசுக்கு எல்லை விழுந்தது. அந்த எல்லையின் வாசல் எங்கள் தலைமன்னார்.

1953இல் 24ஆம் இலக்கச் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அரசாங்கத்துக்காக அதை நடத்தியது மத்திய வங்கி. சட்டத்தின் சாரம் எளிது. நாட்டைவிட்டுக் காசு வெளியே போக அனுமதி வேண்டும். வெளிநாட்டில் உழைத்த காசு வங்கி வழியாக உள்ளே வர வேண்டும். வளையல் அறுக்க வங்காளத்துக்குச் சங்கு அனுப்பியவரும் அக்கரைக்குக் கருவாடு ஏற்றியவரும் அதுவரை காணாத படிவங்களை நிரப்ப வேண்டியதாயிற்று. தொண்டியில் தங்கைக்குக் கல்யாணம் என்று நூறு ரூபா அனுப்ப நினைத்த கடைக்காரருக்கும் அதே சட்டம்தான். காலாகாலமாகக் கொள்வினை கொடுப்பினை வைத்திருந்த இரண்டு கரைகளுக்கு நடுவே, உறவுக்காரர் கையில் கொடுத்த காசு சட்டத்தின் கண்ணில் குற்றமானது.

குற்றம் என்று எழுதிவிட்டால் தொழிலாகச் செய்யவும் ஆட்கள் வருவார்கள். அக்கரையிலிருந்து சேலையும் பீடி இலையும் இரவில் வந்து இறங்கின. இங்கிருந்து வேறு பண்டங்கள் போயின. கடத்தல் என்று இன்று ஒரே சொல்லில் முடிக்கிறோம். அதில் கொள்ளை இலாபம் கண்டவர்கள் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்த வள்ளங்களில் பல, முப்பது ஆண்டுகளுக்கு முன் பட்டப்பகலில் அதே சாமானை ஏற்றிய குடும்பங்களின் வள்ளங்கள். கடல் மாறவில்லை, காற்று மாறவில்லை, ஓடும் திசையும் மாறவில்லை. அக்கரையிலிருந்து கள்ளமாக வருவோரைத் தடுக்கவென்று 1952இல் படையினர் இந்தக் கரையில் இறங்கினார்கள். 1963இல் அதற்கென்றே இராணுவத்தில் தனிப் பணிப்படை அமைந்தது. கள்ளத்தோணி என்ற சொல் இந்தத் தீவின் தமிழர் எல்லோரையும் குத்தும் முள்ளாக மாறியது அந்த ஆண்டுகளில்தான்.

இருந்தாலும் 1966 வரை ஒரு விஷயம் பழையபடி இருந்தது. இரண்டு ரூபாவும் பெறுமதியில் சமம். டொலருக்கு 4.76 என்பதே இரண்டுக்கும் கணக்கு. நூறு இலங்கை ரூபாவை வங்கியில் கொடுத்தால் ஏறத்தாழ நூறு இந்திய ரூபா. 1966 ஜூனில் இந்தியா தன் ரூபாவை டொலருக்கு 7.50 என்று இறக்கியது. ஒரே இரவில் நூறு இலங்கை ரூபா சுமார் 157 இந்திய ரூபாவாயிற்று. 1967 நவம்பரில் இலங்கையும் தன் ரூபாவை இருபது வீதம் இறக்கியது. நூறு ரூபா சுமார் 126 ஆனது. இவை வங்கிக் கணக்கு. இரவில் கடலில் பேசிய விலை வேறு. எது எப்படியோ, இரண்டு கரையிலும் ஒரே பேரில் இருந்த காசு அந்தப் பதினெட்டு மாதங்களில் நிரந்தரமாகப் பிரிந்தது.

*

இந்தக் கணக்கை இத்தனை விரிவாக எழுதியதற்குக் காரணம் உண்டு. சரியாக அந்த ஆண்டுகளில்தான் தலைமன்னார்த் துறையில் பெருங்கூட்டம் வந்து நின்றது.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. மலையகத்தில் பிறந்து வளர்ந்து, 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை உரிமை கொடுப்பது என்று இரண்டு தலைநகரங்களும் முடிவு செய்தன. அந்த ஆண்டு டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்தது. கப்பல் பிறகு இராமேசுவரத்துக்கு ஓடியது. அதில்தான் அவர்கள் ஏற்றப்பட்டார்கள்.

மலையகத்தில் இருந்து வந்த கோச்சிக்கு அந்த மக்களே ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வைத்தார்கள். அட்டனிலும் கண்டியிலும் வழியனுப்ப வந்தவர்கள் பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதபடி ஓடுவார்கள்; உள்ளே இருப்பவர்கள் அழுதபடி கை நீட்டுவார்கள். மதவாச்சி தாண்டி, முருங்கன் தாண்டி, மன்னார்ப் பாலம் ஏறி, அந்த அழுகை எங்கள் ஊருக்குள் வந்து இறங்கும்போது குரல் வற்றிப்போயிருக்கும். நான் எழுதும் இந்த வரலாற்றில் காசைப் பற்றி எத்தனையோ சொல்லியாயிற்று. அந்தக் கோச்சியில் வந்த காசைப் பற்றி எழுதும்போது மட்டும் கை நின்று நின்றுதான் நகர்கிறது.

ஏனென்றால் அந்தக் காசைக் காத்து வைத்திருந்தது மத்திய வங்கி. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் ஊழியர் சேமலாப நிதி பிறந்தது. தொழிலாளி சம்பளத்தில் நூற்றுக்கு நான்கு, முதலாளி நூற்றுக்கு ஆறு. தொழில் ஆணையாளர் நிருவாகம் செய்வார். பணத்தைப் பொறுப்பில் வைத்து முதலீடு செய்தது மத்திய வங்கியின் நாணயச் சபை. கொழுந்து பறிக்கிற பெண்ணின் அன்றாடக் கூலியில் பிடித்த சதங்கள் அங்கே சேர்ந்தன. நாணயச் சபை அதில் பெரும்பகுதியை அரசாங்கக் கடன் பத்திரங்களில் போட்டது. சட்டப்படி அது பாதுகாப்பான வழி. ஆனால் அதன் பொருளை ஒருமுறை நிதானமாகச் சொல்லிப் பார்க்க வேண்டும்: நீ இந்த நாட்டவள் இல்லை என்று சொன்ன அரசாங்கம், அவளுடைய சேமிப்பைக் கடனாக வாங்கித் தன் செலவைப் பார்த்தது.

ஒப்பந்தத்தில் காசைப் பற்றியும் ஒரு பிரிவு இருந்தது. போகிறவர்கள் தங்கள் சேமலாப நிதியும் பணிக்கொடையும் உட்பட்ட சொத்தை எடுத்துப்போகலாம். ஒரு குடும்பம் கொண்டுபோகக்கூடிய தொகையின் உச்சத்தை 4,000 ரூபாவுக்குக் கீழே குறைக்கக் கூடாது. ஒரு குடும்பம், பல சமயம் மூன்று தலைமுறை, தேயிலைக்குக் கொடுத்த வாழ்நாளை நினைத்துக்கொண்டு அந்த எண்ணைப் படியுங்கள். அந்த நாலாயிரத்தையே பார்த்திராத குடும்பங்கள் எத்தனை. நிதி கணக்கு முடித்துக் கைக்கு வர விண்ணப்பம் வேண்டும், தோட்டத்துரையின் கையெழுத்து வேண்டும், கச்சாத்து வேண்டும். பிறகு செலாவணிக் கட்டுப்பாட்டின் அனுமதி. பெயரில் ஓர் எழுத்துப் பிழை என்றால் தாள் திரும்பிப் போகும். தோட்டப் புத்தகத்தில் ராமாயி, பாஸ்போட்டில் ராமாயம்மாள் என்றிருந்தால் அவள் எந்த மேசையில் போய் நின்று தான் தான் என்று நிறுவுவது?

துறையில் சுங்க மேசையில் மூட்டையை அவிழ்த்துக் காட்ட வேண்டும். அம்மிக்கல்லும் உரலும் பித்தளைக் குடமும் கட்டிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. தாலிக்கும் தோட்டுக்கும் நிறை பார்த்தார்கள். அந்த மேசையில் உட்கார்ந்திருந்த உத்தியோகத்தர் எல்லோரும் கல்நெஞ்சர் என்று நான் சொல்லமாட்டேன். அவர்களிலும் இரக்கப்பட்டவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் கொழும்பில் எழுதிய ஒரு சுற்றறிக்கை, ஒரு கிழவியின் காதில் கிடந்த தோடாக மாறுகிற இடம் தலைமன்னார்தான். மத்திய வங்கி எங்கள் மாவட்டத்தில் எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால் அந்த மேசையைத்தான் காட்டுவேன்.

அக்கரையில் மண்டபம் முகாம். அங்கிருந்து நீலகிரிக்கும் கூடலூருக்கும் கோத்தகிரிக்கும், வேறு மாநிலங்களுக்கும் பிரிந்து போனார்கள். கொண்டுபோன காசு புதிய மண்ணில் எத்தனை மாதம் தாங்கியது என்பதை அவர்களுடைய பிள்ளைகள்தான் சொல்ல வேண்டும். 1969இல் சென்னையில் தாயகம் திரும்பியோர் கூட்டுறவு வங்கி ஒன்று தொடங்கப்பட்டது. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்களுக்காக இந்திய அரசு அமைத்தது. ரெப்கோ வங்கி என்ற பெயரில் இன்றும் தமிழ்நாட்டுத் தெருக்களில் அதன் பலகையைக் காணலாம். அந்தப் பலகைக்குப் பின்னால் எங்கள் துறையும் இருக்கிறது என்று அறிந்தவர்கள் சிலரே.

இடையில் 1970 ஒக்டோபர் வந்தது. நிதியமைச்சர் என். எம். பெரேரா 50 ரூபா, 100 ரூபாத் தாள்கள் இனிச் செல்லாது என்றார்; நவம்பர் 3க்கு முன் வங்கியில் ஒப்படைக்க வேண்டும். கறுப்புப் பணத்தை வெளியே இழுப்பது நோக்கம். வங்கி வாசல் தூரத்திலிருந்த கரையோரக் கிராமங்களுக்கு ஒரு வாரம் என்பது மிகக் குறைந்த காலம். பெட்டியில் காசு வைத்திருந்தவன் எல்லாம் கடத்தல்காரன் என்று கொள்ளும் சட்டத்தில், வலை வாங்கச் சேர்த்து வைத்தவனுக்குத் தனி வரி எழுதுவதில்லை.

1984இல் இராமேசுவரக் கப்பல் நின்றது. அதற்குள் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அனுப்பப்பட்டிருந்தார்கள்.

*

அதே எண்பதுகளில் மத்திய வங்கி கொழும்பை விட்டு வெளியே வரத் தொடங்கியது. மாத்தறையிலும் அநுராதபுரத்திலும் மாத்தளையிலும் பிராந்திய அலுவலகங்கள் வந்தன. கிராமத்துக் கடனை மாவட்டத்திலேயே இருந்து பார்க்க வேண்டும் என்பது நோக்கம், நல்ல நோக்கம். 1985இல் அதற்கென்று சட்டம் இயற்றி, மாவட்ட அளவில் பிரதேச கிராமிய அபிவிருத்தி வங்கிகளை மத்திய வங்கி முன்னின்று அமைத்தது. சிறு கமக்காரனின் வாசலுக்கே போகிற வங்கி. 1997இல் அவற்றை ஆறு வங்கிகளாகச் சேர்த்தார்கள்: ருகுணு, ரஜரட்ட, வயம்ப, ஊவா, கந்துரட்ட, சப்ரகமுவ. பட்டியலை இன்னொரு தடவை படியுங்கள். வடக்கும் இல்லை, கிழக்கும் இல்லை. போர் ஒரு காரணம், தெரியும். ஆனால் கட்டுக்கரைக் குளத்தின் கீழே நெல் விதைத்த நானாட்டான் கமக்காரனும் பேசாலைச் சம்மாட்டியிடம் முற்பணம் வாங்கிக் கடலுக்குப் போனவனும் அந்த ஆண்டுகளிலும் கடன் வாங்காமல் இருக்கவில்லை. வட்டிக்காரனிடம் வாங்கினார்கள், நகையை அடகு வைத்தார்கள்.

காசை வாங்குவதற்கு மத்திய வங்கியின் கை இந்தக் கரைக்கு 1953இலேயே வந்துவிட்டது. கொடுப்பதற்கு வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 2009இல் போர் முடிந்த பிறகு வடக்குக்கென்று தனிக் கடன் திட்டம் வந்தது. வடமாகாணத்துக்கென்று பிராந்திய அலுவலகமும் வந்தது. இன்று அது கிளிநொச்சியில் இருக்கிறது. தலைமன்னாரிலிருந்து அங்கே போக நூறு கிலோமீற்றருக்கு மேல். கடன் திட்டங்களை வங்கிகள் வழியாக நடத்துவது, சேமலாப நிதி அலுவல்களைப் பார்ப்பது, போலித் தாளை அடையாளம் காணச் சொல்லிக் கொடுப்பது போன்ற வேலைகளை இத்தகைய அலுவலகங்கள் செய்கின்றன. இவை பெரிய வேலைகள். நுண்கடன் நிறுவனங்களின் வாரத் தவணைக்கு அஞ்சி வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்ட பெண்களின் கதையை இந்த மாவட்டம் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாகப் பார்த்து வருகிறது. அவர்களிடம் போய், இந்தக் கடனுக்கு நீ உண்மையில் எவ்வளவு வட்டி கட்டுகிறாய் என்று தமிழில் கணக்குப் போட்டுக் காட்ட ஓர் உத்தியோகத்தர் மன்னார் நகரில் நிரந்தரமாக இருக்க வேண்டும். மாவட்டச் செயலகத்தில் ஒரு மேசை போதும். பழைய கச்சேரியில் சிறாப்பருக்குக் கொடுத்த இடத்தை இன்று அதற்குக் கொடுக்கலாம்.

2015 மார்ச்சில் தலைமன்னார் இறங்குதுறை வரை கோச்சி மீண்டும் ஓடத் தொடங்கியது. இறங்கி நடந்தால் பழைய துறையின் எச்சங்கள் கடலுக்குள் நிற்பது தெரியும். அந்த வழியால் கடைசி வெள்ளி ரூபா என்று போனதென்று எவரும் குறித்து வைக்கவில்லை. கடைசியாகப் போன குடும்பங்களைப் பற்றி மட்டும் இன்னும் அறிய முடியும். அவர்களில் பலர் உயிரோடு இருக்கிறார்கள்.

அடுத்த அத்தியாயத்தில் 1990ஆம் ஆண்டுக்குப் போகிறோம். ஒக்டோபர் கடைசியில் எருக்கலம்பிட்டியிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் முசலியிலிருந்தும் முஸ்லிம் மக்கள் சொற்பக் காசோடு வெளியேற்றப்பட்ட நாட்களின் கதை அது. அதற்கு முன் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தாத்தாவோ பாட்டியோ தலைமன்னார் வழியாகப் போனவரென்றால், வீட்டுப் பெட்டியின் அடியில் குடும்ப அட்டையோ சேமலாப நிதிக் கடுதாசியோ செலாவணி அனுமதிச் சீட்டோ கிடக்கக்கூடும். அதில் எவ்வளவு தொகை எழுதியிருக்கிறது, என்ன திகதி, எந்தத் தோட்டம் என்று பாருங்கள். படம் பிடித்து வையுங்கள், பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ ஒரு நூலகத்துக்குப் பிரதி கொடுங்கள். வீடு துப்புரவாக்கும்போது அந்தக் கடுதாசியை மட்டும் எரித்துவிடாதீர்கள்.